புதுச்சேரியில் கோட்டை எங்கே? தம்பியோடு தேடிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை!

"அக்கா, நம்ம ஊர்ல கோட்டை எங்க இருக்கு?"

எட்டாம் வகுப்பு படிக்கும் சித்தி பையன் ஒரு சனிக்கிழமை ராத்திரி இப்படிக் கேட்டான். பள்ளியில் ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். நேரில் பார்த்த ஒரு கோட்டையைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். தெர்மாகோலில் மாடலும் செய்துகொண்டு போக வேண்டும். செஞ்சிக்குக் கூட்டிப்போகச் சொல்லி சித்தப்பாவிடம் கேட்டிருக்கிறான். போக 70 கிலோமீட்டர், வர 70 கிலோமீட்டர், இந்த வெயிலில் மலை ஏறுவது வேறு என்று அவர் கையை விரித்துவிட்டார்.

"இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்த ஊருக்காக அவ்ளோ சண்டை போட்டிருக்காங்கன்னு புக்ல இருக்கு. அப்போ கோட்டை இல்லாமலா இருந்திருக்கும்?"

நியாயமான கேள்விதான். மேப்பில் தேடிப் பார்த்தான். ஏதோ ஒரு ரெஸ்டாரன்ட்தான் வந்தது.

நான் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். வாரக் கடைசிக்கு எங்கே போகலாம் என்று எழுதுவது என் வேலை. மஞ்சள் சுவர், காகிதப்பூ, காபி கடை என்று புதுச்சேரியைப் பற்றி நானே நாலைந்து முறை எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றில்கூட 'கோட்டை' என்ற சொல் வந்ததில்லை. காலையில் ஆறு மணிக்கு ரெடியாக இருக்கச் சொல்லிவிட்டேன்.

பூங்காவுக்குள் ஒரு கோட்டை

பாரதி பூங்காவுக்குள் போய் நின்று, "இங்கதான்டா" என்றேன்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வாக்கிங் போகிற பெரியவர்கள், சிமென்ட் பெஞ்ச், மரங்கள், நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். "எங்கக்கா?" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

கதையைச் சொன்னேன். பிரெஞ்சுக்காரர்கள் 1673-ல் இங்கே கால் வைத்தார்கள். அடுத்த ஆண்டு வந்த பிரான்சுவா மார்த்தேன்தான் ஊரைக் கட்டி எழுப்பியவர். 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆறு வருஷம் அவர்கள் கையில் இருந்தது. 'பிரெஞ்சு ஸ்டைல்' என்று நாம் போட்டோ எடுக்கிற, கோடு போட்டது போன்ற நேர்த் தெருக்களுக்குத் திட்டம் வரைந்தவர்களே அந்த டச்சுக்காரர்கள்தான். பழைய வரைபடங்களை ஆராய்ந்து இதை வெளியே கொண்டுவந்தவர் ழான் தெலோஷ் என்ற ஆய்வாளர். அவர் புதுச்சேரியிலேயே பல ஆண்டுகள் இருந்து வேலை செய்தவர்.

1699-ல் ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் மார்த்தேன் சும்மா இருக்கவில்லை. பிரான்சின் வடக்கே தூர்னே என்ற ஊரில், வோபான் என்ற புகழ்பெற்ற ராணுவப் பொறியாளர் கட்டிய கோட்டையை மாதிரியாக எடுத்துக்கொண்டார். ஐந்து மூலை, மூலைக்கு ஒரு கொத்தளம், சுற்றிலும் அகழி. 1702-ல் தொடங்கி 1706-ல் முடிந்தது. பெயர் செயின்ட் லூயி கோட்டை. அந்த வருஷக் கடைசியில் மார்த்தேன் இறந்துபோனார். பின்னால் வந்த துய்ப்ளேக்ஸ் காலத்தில் இதற்குள் பெரிய அரண்மனை ஒன்றும் எழும்பியது.

"அப்புறம்? யாரு இடிச்சா?"

இங்கிலீஷ்காரர்கள். 1760-ல் அயர் கூட் தலைமையில் வந்து ஊரை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே சாப்பாடு இல்லை. 1761 ஜனவரி 16-ம் தேதி, பொங்கல் சமயம், கோட்டை சரணடைந்தது. அடுத்த சில மாதங்களில் கோட்டை, மதில், அரண்மனை, வெள்ளையர் பகுதி என்று எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினார்கள். உத்தரவு போட்டவர் மதராஸ் கவர்னர் பிகட்.

இதில் பாதி பழிக்குப் பழி. மூன்று வருஷம் முன்புதான், 1758-ல், பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளியிருந்தார். கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் போனால் அதன் மிச்சங்கள் இப்போதும் இருக்கின்றன. லாலிக்கு என்ன ஆனது தெரியுமா? புதுச்சேரியைக் கோட்டைவிட்டதற்காகப் பாரிஸில் விசாரணை நடந்தது. 1766-ல் தலையை வெட்டிவிட்டார்கள்.

'கோட்டைவிட்டார்' என்று நான் சொன்னதும் தம்பி சிரித்துவிட்டான். பேப்பரில் குறித்துக்கொண்டான்.

1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்ப வந்தது. இடிந்த அஸ்திவாரங்கள் மேலேயே, அதே தெருக் கோடுகளில், புதிதாக வீடுகள் எழுந்தன. இப்போதைய ராஜ்நிவாஸ் கட்டடம் அந்தச் சமயத்தில் தொடங்கியதுதான். அதன்பின்னும் இங்கிலீஷ்காரர்கள் சும்மா விடவில்லை. 1778, 1793, 1803 என்று மூன்று தடவை பிடித்தார்கள். கடைசியாக 1814 ஒப்பந்தத்தில், 'ஊரைத் தருகிறோம், ஆனால் இந்தியாவில் கோட்டை கொத்தளம் எதுவும் கட்டக் கூடாது' என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். அந்த ஒரு நிபந்தனையால்தான் இது கோட்டை இல்லாத ஊராகிவிட்டது. தலைவாசல், பீரங்கி மேடை, டிக்கெட் கவுன்டர் எதுவும் இல்லாமல் போனதும் அதனால்தான்.

ஆனால் ஊரைச் சுற்றியிருந்த மதிலின் தடம் அழியவில்லை. நம் ஆட்கள் 'புல்வார்' என்று சொல்கிறார்களே, அதுதான். வடக்கே படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. மூன்றையும் கிழக்கே கடற்கரைச் சாலையோடு சேர்த்துப் பாருங்கள், முட்டை வடிவம் கிடைக்கும். பழைய மதில் போன வழி அது. ஸ்கூட்டியில் ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். "மதில் மேலயே வண்டி ஓட்டுறோம்னு எழுதலாமா?" என்று பின்னாலிருந்து கத்தினான். எழுதிக்கோ என்றேன்.

கோட்டையின் பெயரும் மிச்சமிருக்கிறது. ராஜ்நிவாஸ் பக்கத்தில் செயின்ட் லூயி வீதி. அருங்காட்சியகமும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன.

ஆயி மண்டபத்தின் கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்கு எரிந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு. கோபம் வந்து இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தாளாம். பின்னால் அங்கிருந்து, அதாவது முத்திரையர்பாளையத்திலிருந்து, தண்ணீர் கொண்டுவந்தபோது மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இந்த மண்டபத்தைக் கட்டினார்கள்.

"இந்த ஊர்ல எல்லாக் கதையிலயும் யாராவது எதையாவது இடிக்கிறாங்கக்கா" என்றான்.

செஞ்சி வந்து நிற்கிறது

கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்கின்றனவே, பார்த்திருப்பீர்கள். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே சாய்ந்துகூட நின்றிருப்பீர்கள். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-ல் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. பதினோரு வருஷம் அவர்கள் கையில் இருந்தது. அப்போது ஏற்றிக்கொண்டு வந்தவை இந்தத் தூண்கள். பூ வேலை, உருவங்கள், அடியில் சதுரம் என்று எல்லாம் நம் கோயில் மண்டபத் தூண் மாதிரியேதான் இருக்கும்.

தம்பி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். "செஞ்சிக்குப் போகாமலே செஞ்சியப் பாத்தாச்சு" என்று சித்தப்பாவுக்கு போட்டோ அனுப்பினான்.

அடுத்து மிஷன் வீதியில் சம்பா கோயில். செயின்ட் பால் என்பதுதான் 'சம்பால்' ஆகி, சம்பா ஆகியிருக்கிறது. இப்போது நிற்கும் தேவாலயம் 1791-ல் முடிந்தது. அதற்கு முன்பு இருந்ததை 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் கோட்டையோடு சேர்த்து இடித்துவிட்டார்கள். அதற்கும் முன்னால் நடந்ததைத்தான் நாங்கள் சுற்றுலாக் கட்டுரைகளில் எழுதாமல் விட்டுவிடுகிறோம். இந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், இங்கிலீஷ் படை ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், துய்ப்ளேக்ஸ் ஆட்சி அந்தக் கோயிலை இடித்தது. பின்னாளில்தான் கொஞ்சம் தள்ளி, ஈஸ்வரன் கோயில் வீதியில் மறுபடி கட்டினார்கள். இப்போது நாம் கும்பிடுவது அதைத்தான்.

இந்த விவரமெல்லாம் எப்படித் தெரியும்? ஒருவர் டைரி எழுதிவைத்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷி. 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்தவர், இருபத்தைந்து வருஷம் போல எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை ஏறியது, யார் வீட்டுக் கல்யாணம், யார் லஞ்சம் வாங்கினார்கள் என்று எல்லாம் அன்றைக்கு இந்த ஊரில் பேசிய தமிழிலேயே இருக்கிறது. கோயில் இடிந்த நாளையும் மனம் கசந்து எழுதியிருக்கிறார். அவர் வேலை பார்த்ததோ, கோயிலை இடித்த அதே கவர்னரிடம். கோட்டை விழுவதற்கு நாலு நாள் முன்பு, 1761 ஜனவரி 12-ல் அவர் இறந்துபோனார். ஊர் இடிந்ததைப் பார்க்காமல் போனது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அவர் வீடு இன்னும் இருக்கிறது. பெரிய மார்க்கெட்டை ஒட்டி, மீன் வாசனைக்கும் பூ வாசனைக்கும் நடுவில். கீழ்த்தளத்தில் தமிழ் வீட்டு மரத்தூண்கள், மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணித் தூண்கள். இந்த ஊர் வீடுகள் என்னவாக ஆகப்போகின்றன என்பதற்கு 1738-லேயே போட்ட முன்னோட்டம் மாதிரி. நாங்கள் வெளியிலிருந்துதான் பார்த்தோம். எதிரில் காய்கறி வண்டிக்காரர், "என்னம்மா அங்கேயே பாக்குறீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "அப்படியா!" என்று அவரும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

பாட்டி வீடு இருந்த தெரு

வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. சுற்றுலா வருகிறவர்களில் பாதிப் பேர் வாய்க்காலைத் தாண்டுவதில்லை. நீங்கள் தாண்டுங்கள். வைசியாள் வீதிக்குப் போங்கள். கல்வே சுப்புராய செட்டி வீதி என்று போர்டில் இருக்கும்.

தெருவோடு ஓடுகிற தாழ்வாரம், மரத்தூண் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு, அதற்குள்ளே திண்ணை, வேலைப்பாட்டுக் கதவு, உள்ளே முற்றம். தாழ்வாரம் வெயிலிலும் மழையிலும் தெருவில் போகிற யாரோ ஒருவருக்காகக் கட்டியது. மாடிக்குப் பார்வையை உயர்த்தினால் வளைவு ஜன்னல், சுண்ணாம்புக் காரையில் பூ வேலை, கைப்பிடிச் சுவர் என்று பிரான்ஸ் தெரியும். இன்டாக் அமைப்பும் ஐரோப்பிய யூனியனின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டமும் சேர்ந்து 2000-களின் ஆரம்பத்தில் இந்தத் தெருவின் முகப்புகளைச் சீரமைத்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது.

ஒரு தெருவுக்கு அது நடந்தது. மற்ற தெருக்களுக்கு? 1990-களின் நடுவில் இன்டாக் எடுத்த கணக்கில் 1,800 சொச்சம் பாரம்பரியக் கட்டடங்கள் இருந்தன. அதில் பெரிய பங்கு இப்போது இல்லை. போனவற்றில் அதிகமும் தமிழர் பகுதி வீடுகள்.

அதில் ஒன்று எங்கள் பாட்டியுடையது.

மிஷன் வீதிக்கு மேற்கே, இரண்டு தெரு தள்ளி. 2016-ல் விற்றோம். தாத்தா போன பிறகு நாலு பங்கு. அப்பாவுக்கு வீட்டுக் கடன், சித்திக்குக் கல்யாணக் கடன் மிச்சம், பெரியப்பாவுக்கு ஆபரேஷன். மழைக்கு ஓடு மாற்றவே வருஷத்துக்கு ஒரு தொகை போகும். பழைய வீட்டைப் பராமரிக்கச் சொல்கிறவர்கள் எல்லோரும் அந்த வீட்டில் குடியிருப்பதில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். ஜேசிபி வந்தது. மூன்றே நாள். முற்றத்து மரத்தூண்கள் ஆறும், வாசக்காலும் கதவும் முன்கூட்டியே பழைய மர வியாபாரியிடம் போய்விட்டன. இப்போது ஏதாவது ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் அவை நிற்கும் என்பது பாட்டியின் நம்பிக்கை. ஒவ்வொரு ஹோட்டல் போட்டோவிலும் தேடுவாள்.

அந்த இடத்தில் இப்போது நாலு மாடி. கீழே செல்போன் கடை. தம்பிக்கு அந்த வீடு ஞாபகமே இல்லை. விற்றபோது அவன் சின்னக் குழந்தை.

"இதை யாரு இடிச்சா?" என்றான்.

"நாமதான்டா."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரிலும் எழுதவில்லை.

திரும்பக் கடற்கரைக்கு வந்து மேரி கட்டடத்தைக் காட்டினேன். 1870-களில் வந்த நகராட்சிக் கட்டடம். 2014 நவம்பர் 29, நல்ல மழை நாளில், அப்படியே சரிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் பழைய முகப்பைப் போலவே மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். ராத்திரி விளக்குப் போட்டால் அள்ளிக்கொண்டு போகும் அழகு. ஆனாலும் வயதில் என் தம்பியைவிடச் சின்னது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம், விழுவதற்கு முன்பே இதே அக்கறை வந்திருக்கக் கூடாதா என்றுதான் இருக்கும்.

ரோமானியர்கள் கட்டியதா?

மத்தியானம் பிரியாணி முடித்து, நாலு மணிக்கு அரிக்கமேடு. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், மாந்தோப்பும் தென்னையுமாக இருக்கும் இடம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த துறை. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த 'பொதுகே' இதுதான் என்கிறார்கள். 1937-ல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியருக்கு இங்கே கிடைத்த ஒரு சிறு கல்லில் மனித முகம் செதுக்கியிருந்தது. அகஸ்டஸ் சீசர் என்று அவர் சொன்னார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். இத்தாலியப் பானை ஓடுகளும் மது ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. தென்னிந்தியத் தொல்லியலுக்கே காலக்கணக்கு போட உதவிய இடம் இது.

ஆனால் அங்கே போனால் இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தோண்டியதை மூடிவிட்டார்கள். தெரிவது ஒன்றே ஒன்று. மரவேர் பின்னிப் பிடித்திருக்கும் உயரமான செங்கல் சுவர்கள். பார்த்ததும் தம்பி, "ரோமன்ஸ் கட்டினதா!" என்று ஓடினான். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இல்லை. 1770-களில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய குருமடம் அது. சயாமிலிருந்தும் வியட்நாம் பக்கத்திலிருந்தும் சண்டைக்குப் பயந்து ஓடிவந்த குருமாணவர்களை இங்கே வைத்துப் படிப்பித்தார்கள். நடத்தியவர் பினியோ தெ பெஹேன். இவர் பிறகு வியட்நாம் போய், அரசுரிமை இழந்த இளவரசர் ஒருவருக்காக பிரான்ஸ் ராஜாவிடமே தூது போனார். அந்த இளவரசர்தான் பின்னாளில் வியட்நாமின் சக்கரவர்த்தி ஆனார். வீராம்பட்டினம் மீனவர் குடியிருப்புக்குப் பக்கத்து ஆற்றங்கரையிலிருந்து கிளம்பிய கதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், குருமடம் கட்டச் செங்கல் வெளியிலிருந்து வரவில்லை. கீழே மண்ணுக்குள் இருந்த பழைய அரிக்கமேட்டுச் செங்கல்லையே எடுத்துக் கட்டிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் இங்கே செங்கல் தோண்டி எடுக்கிறார்கள் என்று 1734-லேயே கம்பெனிக்குக் கடிதம் போயிருக்கிறது. ஆக, ரோமன் கட்டியதில்லை என்றாலும், தம்பி ஓடிப்போய்த் தொட்ட செங்கல்லில் சில இரண்டாயிரம் வருஷத்துப் பழசாகவே இருக்கலாம். நான் இதைச் சொன்னதும் கையை எடுத்துக்கொண்டான். அப்புறம் மறுபடி வைத்தான்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மழைக்குப் பிறகு மண்ணில் சின்னச் சின்ன மணிகள், ஓட்டுத் துண்டுகள் தெரியும். எடுக்காதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம். நல்ல மணிகளைப் பார்க்க வேண்டுமென்றால் செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

ராத்திரி வீட்டில் தெர்மாகோல் வெட்டும் வேலை. தெலோஷ் புத்தகத்தில் வந்த பழைய வரைபடம் ஒன்றை என் லேப்டாப்பில் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஐந்து மூலை சரியாக வரவில்லை, இரண்டு ஷீட் வீணானது. பாட்டி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா அது, நட்சத்திரமா?"

"கோட்டை பாட்டி. இடிச்சிட்டாங்க. படத்த பாத்து செய்யுறேன்." கொஞ்ச நேரம் கழித்து, தலையைத் தூக்காமலே கேட்டான். "உன் வீட்டுக்குப் படம் இருக்கா?"

இல்லை. கல்யாண ஆல்பத்தில் முற்றத்தின் ஒரு மூலை இருக்கிறது, அவ்வளவுதான். பாட்டி சொல்லச் சொல்ல மிச்ச ஷீட்டில் பென்சிலால் போட ஆரம்பித்தான். தாழ்வாரம், திண்ணை, நடை, முற்றம், சுற்றி ஆறு தூண். சமையல்கட்டு வரைக்கும் சரியாகப் போனது. கிணறு வந்தபோதுதான் சிக்கல். சமையல்கட்டுக்கு இடப்பக்கம் என்றாள் பாட்டி. வலப்பக்கம், துணி துவைக்கிற கல்லை ஒட்டி என்றாள் சித்தி. அப்பாவுக்கு போன் போட்டோம். கிணறு பின்கட்டில் இருந்தது, சமையல்கட்டுப் பக்கமே இல்லை என்றார் அவர். பெரியப்பாவைக் கேட்கலாம் என்றால் மணி பதினொன்று ஆகிவிட்டது.